எச்.ஏ.எல். போனதால் வால்சந்த் குடும்பம் விழவில்லை

எச்.ஏ.எல். பக்கத்திலேயே, பெங்களூர் முருகேஷ்பாளையத்தில் இருந்துகொண்டு, அந்த விமானக் கம்பெனியின் கதையையே இப்படி மாற்றிச் சொன்னால் எப்படி அண்ணா? "நேரு பிடுங்கினார், அதோடு குடும்பம் முடிந்தது" என்கிறீர்கள். 1940-ல் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. அவர் பங்கை 1942-லேயே, ஜப்பான் படை நெருங்கிய பயத்தில், வெள்ளைக்கார அரசுதான் வாங்கியது. அவருடைய கார் கம்பெனியான பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதற்கு அப்புறம், 1944-ல் வந்தது. அவர் தொடங்கிய விசாகப்பட்டினம் கப்பல் தளத்தை நேரு அரசு எடுத்தது உண்மைதான், அதை இதோடு குழப்பாதீர்கள். கார் தொழில் சரிந்தது வேறு கதை: பழைய ஃபியட்டையே பத்மினி என்று பல வருடம் விற்றார்கள், 1983-ல் மாருதி வந்தது, 90களில் பிரெஞ்சு கார் கம்பெனி பெஜோவோடு வைத்த கூட்டும் கல்யாண் ஆலைத் தொழிலாளர் தகராறில் உடைந்தது. இதில் நேரு எங்கே வந்தார்?