ஸ்கைவாக்கர் சாகா பழைய கேமின் ரீமாஸ்டர் இல்லை

ஸ்டார் வார்ஸ் படங்களின் கதையை லெகோ பொம்மைகளாக விளையாடும் வீடியோ கேம்களில், 2022-ல் வந்த 'லெகோ ஸ்டார் வார்ஸ்: தி ஸ்கைவாக்கர் சாகா', 2007-ன் 'தி கம்ப்ளீட் சாகா'வுக்கே பெயின்ட் அடித்து விற்ற ரீமாஸ்டர்தான் என்று சிலர் சொல்கிறார்கள். பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அது சரியில்லை.

உண்மையில் ஒட்டுப்போட்ட கேம் என்றால் அது 2007-ல் வந்ததுதான்: 2005, 2006-ல் தனித்தனியாக வந்த இரண்டு கேம்களையும் சேர்த்து ஆறு படங்கள், 36 லெவல். 2022-ல் வந்தது ஒன்பது படங்களையும் முதலிலிருந்து புதிதாகச் செய்தது, படத்துக்கு ஐந்து வீதம் 45 லெவல்.

நம்பிக்கை இல்லையா, கேம்கள் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் இரண்டும் தனித்தனியாகவே விற்பனையில் இருக்கின்றன, அந்தப் பக்கங்களில் உள்ள தேதியையும் ஸ்கிரீன்ஷாட்களையும் பாருங்கள். இல்லாவிட்டால் யூடியூபில் இரண்டிலும் முதல் பத்து நிமிடம் ஓடவிட்டாலே போதும். பழையதில் கேமரா தூரத்தில் நின்று நம்மைப் பின்தொடரும், பொம்மைகள் பேசாமல் 'ம்ம்... ஹூம்' என்று முனகிக்கொண்டே கதையை நகர்த்தும், லெவலுக்குப் போக கேன்டீனா என்ற மதுக்கடையின் கதவுகள்தான் வழி. புதியதில் கேமரா தோளுக்குப் பின்னால், எல்லோரும் வாய்விட்டுப் பேசுகிறார்கள், கிரகங்களில் இஷ்டம்போல் சுற்றலாம். (முனகல் வேண்டுமென்றால் 'மம்பிள் மோட்' இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும்.)

புதியது பிடிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம், அதில் நானும் பாதி உங்கள் பக்கம்தான்.