புதுக் கம்பளித் தொப்பியை விட பழைய முயல் ரோமத் தொப்பி மேல்

"60 டாலருக்குள் நல்ல ஃபெடோரா ஒன்று சொல்லுங்களேன்" என்று குளிர் தொடங்கும் சமயத்தில் டொரோண்டோ நண்பர்கள் யாராவது கேட்பது வழக்கம். ஃபெடோரா என்பது சுற்றிலும் விளிம்பும் உச்சியில் மடிப்பும் உள்ள, ஃபெல்ட்டில் செய்த தொப்பி. என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. அந்தக் காசுக்குக் கடையில் புதிதாகக் கிடைப்பதைத் தொடாதீர்கள் என்பேன். அதே காசுக்கு, அதைவிடக் குறைவாகக்கூட, யாரோ ஒரு கனடியத் தாத்தா அந்தக் காலத்தில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டு, பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போன தொப்பி கிடைக்கும். அதைத் தேடுங்கள்.

"அடுத்தவர் தலையில் இருந்ததா?" என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். முதலில் ஃபெல்ட் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம், அப்புறம் சுளிக்கலாம்.

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. மயிரிழைகளைச் சூடான நீரிலும் நீராவியிலும் போட்டு அழுத்தி உருட்டினால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகும். தறி கிடையாது, நூல் கிடையாது. எந்த விலங்கின் மயிர் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மலிவான தொப்பிகள் ஆட்டுக் கம்பளியில் செய்தவை. நல்லவை முயல், காட்டு முயல், பீவர் (ஓடைகளில் அணை கட்டி வாழும் விலங்கு) போன்றவற்றின் தோலை ஒட்டி வளரும் மென்மையான அடிமயிரில் செய்தவை. அந்த மயிரைக் காற்றில் பறக்கவிட்டு, துளைகள் போட்ட பெரிய கூம்பு ஒன்றின்மேல் உறிஞ்சிப் படிய வைப்பார்கள். தொடக்கத்தில் அந்தக் கூம்பு தலைக்குச் சம்பந்தமே இல்லாத அளவில் இருக்கும். வெந்நீரும் அழுத்தமுமாகத் திரும்பத் திரும்பச் சுருக்கிச் சுருக்கித்தான் தொப்பி அளவுக்குக் கொண்டுவருவார்கள். அப்படிச் சுருங்கிய ஃபெல்ட் மெல்லியதாகவும் இருக்கும், அடர்த்தியாகவும் இருக்கும். மழையில் நனைந்தாலும் தண்ணீர் உடனே உள்ளே இறங்காது. காய்ந்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

கம்பளி ஃபெல்ட் அவ்வளவு இறுகாது. அதனால் விறைப்புக்காகப் பசை போன்ற ஒன்றை ஏற்றுகிறார்கள். கடையில் பார்க்கும்போது கம்பீரமாக நிற்கும். இரண்டு மழை பார்த்தபின் விளிம்பு அலையடிக்கும், உச்சி கூம்பி மேலே போகும், தலைக்கும் இறுக்கமாகிவிடும். நீராவி காட்டிச் சரிசெய்தாலும் அடுத்த மழைவரைதான். சில வருடங்களுக்கு ஒருமுறை இதை வாங்கித் தூக்கிப் போடுவதற்குப் பெயர் சிக்கனமா என்ன?

இந்த விஷயத்துக்குக் கனடாவை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. இந்த நாட்டின் தொடக்க கால வணிகத்தில் முக்கியமான ஒன்று, ஐரோப்பியத் தலைகளுக்குத் தொப்பி செய்யப் பீவர் தோல் ஏற்றுமதி செய்ததுதான். 1670-இல் ஹட்சன் பே கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்ததும் அந்தத் தோலுக்காகத்தான். பட்டுத் தொப்பி நாகரிகமான பிறகுதான் பீவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்றும் நம் 5 சென்ட் நாணயத்தில் அது உட்கார்ந்திருக்கிறது, பாவம். அந்தக் கம்பெனியின் கடைகளோ 2025-இல் மொத்தமாக மூடப்பட்டுவிட்டன.

நான் தேடச் சொல்லும் பெயரும் உள்ளூர்ப் பெயர்தான்: பில்ட்மோர். டொரோண்டோவுக்கு மேற்கே இருக்கும் குவெல்ஃப் நகரில் பல தலைமுறைகளாகத் தொப்பி செய்த ஆலை. ஊரின் ஜூனியர் ஹாக்கி அணிக்கே 'பில்ட்மோர் மேட் ஹேட்டர்ஸ்' (பைத்தியக்காரத் தொப்பிக்காரர்கள்) என்று பெயர் இருந்தது. 1952-இல் அந்த அணி மெமோரியல் கோப்பையையும் வென்றது. ஆலை இப்போது அங்கே இல்லை. ஆனால் அங்கிருந்து வெளிவந்த தொப்பிகள் ஒன்டாரியோ முழுக்கப் பழைய பொருள் கடைகளிலும், சர்ச் விற்பனைகளிலும், வீட்டைக் காலிசெய்து விற்கும் இடங்களிலும் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரியாவில் 1857-இல் தொடங்கிய போர்சாலினோவின் பெயருக்குக் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடையாது. அதனால்தான் விலையும் நம் கைக்கு எட்டுகிறது. போர்சாலினோ, பழைய ஸ்டெட்சன் எல்லாம் சேகரிப்பவர்கள் கண்ணில் பட்டு விலை ஏறிவிட்டவை.

ஸ்டெட்சன் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜான் ஸ்டெட்சன் 1865-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய பெரிய பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று அதே பெயரில் முயல் ரோமத் தொப்பியும் வருகிறது, கம்பளித் தொப்பியும் வருகிறது. பெயரைப் பார்த்து வாங்கினால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. தொப்பிக்குள் நெற்றியைச் சுற்றி வரும் உள்பட்டையில் 'ஃபர் ஃபெல்ட்' (ரோமம்) என்று போட்டிருக்கிறதா, 'வுல்' (கம்பளி) என்று போட்டிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். 3எக்ஸ், 6எக்ஸ், 10எக்ஸ் என்று தரம் போட்டிருப்பதற்கும் மயங்க வேண்டாம். எக்ஸ் எண்ணிக்கைக்குத் தொழில் முழுமைக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரே கம்பெனியின் தொப்பிகளை, அதுவும் ஒரே காலத்தில் வந்தவற்றை, தங்களுக்குள் ஒப்பிட மட்டும்தான் அது உதவும். அந்தக் கால 3எக்ஸ் தொப்பி இந்தக் கால 6எக்ஸைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

சரி, கையில் எடுத்தாயிற்று. எப்படிப் பார்ப்பது? பட்டுப்புடவை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் முதலில் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்களே, அதேதான். தொப்பியைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்பட்டை தோலா, துணியா? தோல் என்றால் பாதி வேலை முடிந்தது. அது ஃபெல்ட்டோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும், வெறுமனே ஒட்டியிருக்கக் கூடாது. தோலை மெல்ல வெளியே மடித்துப் பாருங்கள். மடிக்கும்போதே அப்பளம் மாதிரி நொறுங்கினால் வைத்துவிட்டு வாருங்கள். மாற்றலாம்தான், ஆனால் தொப்பி வாங்கிய விலையை விட அந்த வேலைக்குக் கூலி அதிகமாகும். பளபளக்கும் உள் துணியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அலங்காரம் மட்டுமே. நல்ல தொப்பிகள் பல அது இல்லாமலேயே வருகின்றன.

அடுத்து, தொப்பியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி உள்ளிருந்து பாருங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் பூச்சி தின்றிருக்கிறது. முன்பக்கம் விரலால் கிள்ளித் தூக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தொப்பிகள் பெரும்பாலும் அங்கேதான் சாகும். விளிம்பை லேசாக வளைத்து விடுங்கள். எதிர்ப்பில்லாமல் வளைந்து தானே திரும்ப வேண்டும். அட்டை மாதிரி முறைத்துக்கொண்டு நின்றாலோ கையில் சொரசொரத்தாலோ அது கம்பளி. தூசி ஒரு குறையே அல்ல, தூரிகை பார்த்துக்கொள்ளும். வியர்வைக் கறை ரிப்பனைத் தாண்டி வெளியே வந்திருந்தால் போகாது. மோந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ரொம்பப் பழசும் வேண்டாம் என்பது என் கருத்து. ரோமம் நன்றாக இறுகுவதற்காக ஒரு காலத்தில் பாதரச உப்பைத் தடவினார்கள். அந்த ஆவியை வருடக்கணக்காகச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக் குழப்பமும் வந்தன. அமெரிக்காவின் தொப்பி நகரமான டான்பரியில் அந்த நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. குவெல்ஃப் அணியின் 'மேட் ஹேட்டர்ஸ்' என்ற வேடிக்கைப் பெயருக்குப் பின்னால் இந்தச் சோகமும் உண்டு. அமெரிக்காவில் 1941-இல்தான் அந்த முறை முடிவுக்கு வந்தது. அதற்கு முந்தைய தொப்பிகளில் பாதரசம் மிச்சம் இருக்கலாம் என்று அருங்காட்சியகங்களே கையுறை போட்டுக் கையாளுகின்றன. 1950-களுக்குப் பிந்தையதைத் தேடுங்கள், போதும்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனமும் கூடாது, அவசரமும் கூடாது. புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாகச் சுற்றி டேப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள். 58 சென்டிமீட்டர் என்றால் 7¼. ஒரு சென்டிமீட்டர் கூடினால் 7⅜, குறைந்தால் 7⅛. கொஞ்சம் பெரிதாக இருந்தால் கவலையில்லை, உள்பட்டைக்குப் பின்னால் நுரைப்பட்டை ஒட்டினால் சரியாகிவிடும். சிறியதை இழுத்துப் பெரிதாக்க நினைத்தால் பழைய தோல் கிழியும். அந்தக் காலத்துத் தொப்பிகளில் சிறிய அளவுகளே அதிகம் கண்ணில் படுகின்றன. என்னைப் போன்ற பெரிய தலைக்காரர்களுக்குப் பொறுமை வேண்டும்.

புதிதாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் காசு சேர்த்து ஆஸ்திரேலியாவின் அகூப்ரா போன்ற முயல் ரோமத் தொப்பியாக ஒன்றை வாங்குங்கள். 200 டாலரைத் தாண்டும். 60 டாலருக்கும் 200 டாலருக்கும் நடுவில் அழகான பெட்டியோடு வரும் கம்பளித் தொப்பிகள் நிறைய உண்டு. அங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது.

கம்பளி வாங்கக் கூடாதா என்றால், ஒரே ஒரு காரணத்துக்கு வாங்கலாம். ஒரு தொப்பிக்காக முயலைக் கொல்வது மனதுக்கு ஒப்பவில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். நியாயம். அவர் மழையில் மட்டும் அதைப் போடாமல் பார்த்துக்கொண்டால் நாள்பட உழைக்கும். ஆனால் பழைய தொப்பிக்காகப் புதிதாக எந்த முயலும் சாகப்போவதில்லை என்றும் அவரிடம் சொன்னேன். யோசிக்கிறார்.

இன்னொன்று. ஜனவரியில் இதைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்காதீர்கள். காது வெளியே இருக்கும். மைனஸ் 20-இல் அழகு பார்க்க முடியாது, பின்னல் குல்லாதான். ஃபெடோராவுக்கான மாதங்கள் அக்டோபர், நவம்பர், அப்புறம் ஏப்ரல்.

வாங்கிய பிறகு ஒரு நல்ல தூரிகைக்குக் கொஞ்சம் செலவு செய்யுங்கள். கருந்தொப்பிக்கும் வெளிர்நிறத் தொப்பிக்கும் தனித்தனியாக இருந்தால் நல்லது. நனைந்தால் ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உள்பட்டையை வெளியே மடித்து, அந்தப் பட்டையின் மேலேயே நிற்கும்படி வைத்துத் தானாகக் காயவிடுங்கள். கோடையில் காருக்குள் விட்டால் தோல் சுருங்கிவிடும். கழற்றும்போது உச்சியைக் கிள்ளாமல் விளிம்பைப் பிடித்துக் கழற்றுங்கள். மேசையில் வைப்பதானால் கவிழ்க்காமல் உச்சி கீழே இருக்கும்படி மல்லாத்தி வையுங்கள்.

பில்ட்மோர் ஏதாவது கண்ணில் பட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் உள்பட்டையின் படத்தைக் கமெண்டில் போடுங்கள். வெளிப்பக்கப் படம் மட்டும் போட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "அழகா இருக்கு" என்றுதான் சொல்ல முடியும்.