அந்தப் பையை யாரும் திறக்கவில்லை

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஜெனிஃபர் கிரம்ப்ளியின் (பள்ளியில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற பையனின் அம்மா) கைதிப் படத்தைப் போட்டு, "இப்படி நாலு அம்மா அப்பாவை உள்ளே தள்ளினால்தான் இந்த நாடு உருப்படும்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல். இன்னொரு அண்ணா, "நம்ம வீடுகளில் இப்படி நடக்குமா? பிள்ளை முகம் வாடினாலே நமக்குத் தெரிந்துவிடும்" என்றார். அதற்கு இன்னும் அதிகக் கட்டைவிரல். நான் ஏதோ எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், கடைசியில் விட்டுவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டது இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மிச்சிகனில் டிராய் பக்கம் இருக்கிறோம். அது நடந்த ஆக்ஸ்ஃபர்ட் ஊரும் அதே ஓக்லாண்ட் கவுண்டிதான், நம்மூர் மாவட்டம் மாதிரி; எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கிரம்ப்ளி தம்பதியை விசாரித்த நீதிமன்றம் பான்டியாக்கில் இருக்கிறது. நம்மவர்கள் போகிற பராசக்தி கோயிலும் அந்த ஊரில்தான். 2021 நவம்பர் 30 அன்று ஆக்ஸ்ஃபர்ட் உயர்நிலைப் பள்ளியில் 15 வயதுப் பையன் ஒருவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். ஏழு பேருக்குக் காயம், அதில் ஒருவர் ஆசிரியை. இறந்தவர்களில் சின்னவளுக்கு 14 வயது. அதே வாரம் வியாழனும் வெள்ளியும் கவுண்டி முழுக்க ஏகப்பட்ட பள்ளிகளை மூடினார்கள், அடுத்தது உங்கள் பள்ளிதான் என்று ஆளாளுக்கு மிரட்டல் விட்டதால். என் மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. பனியே பெய்யாமல் ஸ்னோ டே கிடைத்துவிட்டதென்று சோபாவில் ஏறிக் குதித்தான்.

சுட்டவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

தேங்க்ஸ்கிவிங் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, அப்பா ஜேம்ஸ் ஒரு 9 எம்எம் கைத்துப்பாக்கி வாங்குகிறார். மகனும் கூடப் போகிறான். சனிக்கிழமை அம்மா அவனைச் சுடும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போகிறார். மகனின் கிறிஸ்துமஸ் பரிசைச் சோதித்துப் பார்த்தோம் என்று சமூக வலைத்தளத்தில் பதிவும் போடுகிறார். திங்கட்கிழமை வகுப்பில் அவன் கைப்பேசியில் தோட்டா தேடிக்கொண்டிருந்ததை ஆசிரியை பார்த்துவிடுகிறார். பள்ளி அம்மாவுக்கு வாய்ஸ்மெயில் விடுகிறது. அம்மா பள்ளிக்குத் திருப்பிக் கூப்பிடவில்லை. மகனுக்குத்தான் மெசேஜ் அனுப்புகிறார்: எனக்குக் கோபம் இல்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள். கூடவே ஒரு சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை காலை கணக்குத் தாளில் அவன் வரைந்ததை ஆசிரியை பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார். ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா, ரத்தம் வழியும் ஓர் உருவம். பக்கத்தில், இந்த நினைப்பு நிற்க மாட்டேன் என்கிறது, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருக்கிறான். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிற பள்ளிக் கவுன்சிலரின் அறைக்கு வந்து சேர்வதற்குள் அதே தாளில் கிறுக்கி அடித்து, என் வாழ்க்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும், இங்கே நாம் எல்லாரும் நண்பர்கள் என்றெல்லாம் மாற்றி எழுதிவைத்திருக்கிறான். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் முதல் நாள் அம்மா சொல்லியிருந்தார்.

பத்தரை மணிக்கு மேல் பெற்றோர் வருகிறார்கள். அறையில் நான்கு பெரியவர்கள்: அப்பா, அம்மா, கவுன்சிலர், மாணவர்களின் ஒழுங்கைப் பார்க்கிற டீன். பையன் தற்கொலை எண்ணத்தில் இருக்கலாம் என்று கவுன்சிலருக்குத் தோன்றுகிறது. இன்றைக்கே யாரிடமாவது காட்டுங்கள் என்கிறார். வேலை இருக்கிறது, இன்றைக்கு முடியாது என்கிறார்கள் பெற்றோர். சரி, 48 மணி நேரத்துக்குள் என்கிறார் கவுன்சிலர். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கூட்டம் முடிந்துவிட்டது. நான்கு நாளுக்கு முன்பு வாங்கிய துப்பாக்கியைப் பற்றிப் பெற்றோர் வாயே திறக்கவில்லை. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று பள்ளியும் கேட்கவில்லை. தாளில் வரைந்திருப்பது துப்பாக்கி!

பை அந்த அறையில்தான் இருந்தது. டீனே வகுப்புக்குப் போய் எடுத்துவந்து கொடுத்த பை. அதற்குள் துப்பாக்கி இருந்தது. என்ன செய்யப் போகிறான் என்று அவன் எழுதிவைத்த நோட்டும் இருந்தது. ஜிப்பை யாரும் இழுக்கவில்லை. பையன் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினான். மதியம் 12:51க்குச் சுட ஆரம்பித்தான்.

இனி தீர்ப்புகள். 2024 பிப்ரவரியில் அம்மா குற்றவாளி, மார்ச்சில் அப்பா. பிள்ளை பள்ளியில் செய்த கொலைகளுக்காகப் பெற்றோர் மேல், கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம் (involuntary manslaughter) நிரூபிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுதான் முதல் முறை. ஏப்ரலில் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அந்தத் தீர்ப்பில் எனக்கு வருத்தமில்லை. துப்பாக்கியோடு வந்த கம்பிப் பூட்டை அவர்கள் பிரிக்கவே இல்லை. வீட்டில் இருந்த துப்பாக்கிப் பெட்டியின் எண் 000, கடையில் வைத்தபடியே. சூட்கேஸ் வாங்கினால்கூட முதல் வேலையாக அந்த எண்ணை மாற்றுகிறோம். அம்மா சாட்சிக் கூண்டில், வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று யோசித்தேன், மாட்டேன் என்றார். அதைக் கேட்ட ஜூரியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

ஆனால் நான்கு பேர் இருந்த அறையிலிருந்து இரண்டு பேர் மட்டும் சிறைக்குப் போனார்கள். பள்ளித் தரப்பில் ஒருவர் மேலும் குற்றச்சாட்டு இல்லை. அவர்களைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு கவுன்சிலரின் மேசையில் எத்தனை நூறு பிள்ளைகளின் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பொறுக்காதது அவர்களுக்கு மேலே இருந்தவர்கள். பள்ளி மாவட்டத்தின் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) தலைவர், அந்தக் காலைக் கூட்டத்தின்போது ஒழுங்கு நடவடிக்கைக்கு அவசியம் இருக்கவில்லை என்று வீடியோவில் பேசினார். மாநில அட்டர்னி ஜெனரல் டேனா நெஸ்ஸல், நாங்கள் விசாரிக்கிறோம் என்று முன்வந்தபோது பள்ளி வாரியம் வேண்டாம் என்றது. கொஞ்சநாள் கழித்து மறுபடி கேட்டார், மறுபடி வேண்டாம். அப்புறம் வாரியமே ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்தியது. 2023 அக்டோபரில் 572 பக்க அறிக்கை வந்தது. மிரட்டல் போலத் தெரிகிற மாணவனை எப்படி மதிப்பிடுவது என்ற விதிமுறை மாவட்டத்திடம் காகிதத்தில் இருந்தது, அதை ஒழுங்காக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை, அன்று காலை அந்த மதிப்பீடு நடந்திருக்க வேண்டும் என்றது அறிக்கை. பேச மறுத்த ஊழியர்கள் நிறையப் பேர். அவர்களைப் பேசவைக்கும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்கு இல்லை.

பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நஷ்டஈட்டு வழக்குப் போட்டன. மிச்சிகன் சட்டம் ஒரு வேடிக்கை. அரசுப் பள்ளி ஊழியரின் கடும் அலட்சியம் சாவுக்கு ஒரு காரணமாக இருந்தது என்று காட்டினால் போதாது. மிக நேரடியான அந்த ஒரே காரணமே அதுதான் என்று காட்ட வேண்டும். நேரடியாகச் சுட்டது பையன். ஆகவே 2024 செப்டம்பரில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே நீதிமன்றம்தான் 2023 மார்ச்சில், மகன் செய்யப்போவதைப் பெற்றோர் முன்கூட்டியே ஊகித்திருக்க முடியும், அவர்களை விசாரிக்கலாம் என்று சொன்னது. குற்ற வழக்குக்கும் நஷ்டஈட்டு வழக்குக்கும் அளவுகோல் வேறு என்று வக்கீல் நண்பர்கள் பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். ஒரு சின்னத் திருத்தம் போதும், சட்டமன்றம் நினைத்தால் இந்த அளவுகோலை மாற்றிவிடலாம். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்களிடம் அளவுகோல் வேறு என்று சொல்லிப் பாருங்கள்.

வர்ஜீனியாவில் வேறு மாதிரி நடந்தது. 2023 ஜனவரி 6, நியூபோர்ட் நியூஸ் நகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. முதல் வகுப்புப் பையன், ஆறு வயது, அம்மாவின் துப்பாக்கியைக் கொண்டுவந்து தன் ஆசிரியையைச் சுட்டான். குண்டு கையைத் துளைத்து மார்பில் பாய்ந்தது, பிழைத்துக்கொண்டார். அவனிடம் துப்பாக்கி இருக்கிறதாம் என்று அன்றைக்கே ஒருவர் பின் ஒருவராக ஊழியர்கள் துணை முதல்வரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பையைப் பார்த்தார்கள், இல்லை. சட்டைப் பையைச் சோதிக்கட்டுமா என்று ஒருவர் கேட்டதற்கு, கொஞ்ச நேரத்தில் அவன் அம்மா வந்துவிடுவார் என்று அனுமதி கிடைக்கவில்லை. அங்கேயும் அம்மாவுக்குச் சிறை கிடைத்தது. ஆசிரியை வழக்குப் போட்டபோது பள்ளி வாரியம் என்ன சொன்னது தெரியுமா? சுடப்படுவது வேலையோடு சேர்ந்த ஆபத்து, தொழிலாளர் காப்பீட்டில் வாங்கிக்கொள்ளட்டும் என்று. முதல் வகுப்பு ஆசிரியைக்கு! நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. 2025 நவம்பரில் ஜூரி அந்தத் துணை முதல்வருக்கு எதிராக 1 கோடி டாலர் தீர்ப்பளித்தது. பணம் வருமோ வராதோ, அன்று என்ன செய்தீர்கள் என்று நிர்வாகியை உட்காரவைத்து ஊர் அறியக் கேட்டார்கள். ஆக்ஸ்ஃபர்ட் குடும்பங்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

சரி, வாட்ஸ்அப்பில் அந்த அண்ணா சொன்ன முகவாட்டத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி. மாதக் கடைசி, கணக்கு முடிக்கிற வேலை, ஸ்கிரீனில் பன்னிரண்டு பேர். மகனின் பள்ளி கவுன்சிலர் கூப்பிட்டார். வகுப்பில் எழுதச் சொன்ன பக்கத்தில், நான் வராவிட்டால் யாருக்கும் தெரியக்கூடப் போவதில்லை என்று எழுதியிருக்கிறானாம். நான் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இப்போதே வர வேண்டுமா, நாலு மணிக்கு வந்தால் போதுமா?" அவர் உடனே, "உங்கள் வசதி" என்றார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கும்தான். அவர் பெற்றோரிடம் சொல்லியாகிவிட்டது, நான் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தாகிவிட்டது. அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் காரில் கேட்டேன். மதியச் சாப்பாட்டு மேசையில் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லையாம், மூன்று வாரமாக. மூன்று வாரமும் தினம் ராத்திரி தோசை வார்த்துப் போட்டவள் நான். முகம் வாடியது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான், பாசத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் 2019இல் பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், துப்பாக்கியால் தாக்கியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அதை எடுத்தது பெற்றோர் வீட்டிலிருந்து அல்லது நெருங்கிய சொந்தக்காரர் வீட்டிலிருந்து. 2024இல் ஜார்ஜியாவில் அப்பலாச்சி பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும், மகனுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த துப்பாக்கி என்பதுதான் அந்த அப்பா மேல் போட்ட வழக்கு.

நம்மவர்கள் வீடுகளிலும் துப்பாக்கி வந்துவிட்டது என்பதை எத்தனை பேர் வெளியே பேசுகிறோம்? போன கோடையில் மகனை ஸ்லீப் ஓவருக்கு, அதாவது ராத்திரி தங்க, கூப்பிட்ட தோழியிடம், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று மென்று விழுங்கித்தான் கேட்டேன். நட் அலர்ஜி பற்றிக் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்க ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன். ஒரு நொடி அமைதி. பிறகு, "இருக்கு. 2020இல் வாங்கினார். பீரோவில், மேல் தட்டில்" என்றாள். பூட்டியா? "குழந்தைகளுக்கு எட்டாது." அவள் மகன் என்னைவிட உயரம். மிச்சிகனில் 2024 பிப்ரவரியிலிருந்து, சிறுவர்கள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆக்ஸ்ஃபர்டுக்குப் பிறகு வந்தது. அவளுக்கு அது தெரியாது. அந்த வாரமே பெட்டி வாங்கிவிட்டாள், அது வேறு விஷயம். என்னோடு இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை, அதுவும் வேறு விஷயம்.

இப்போது எங்கள் பள்ளி வாரியத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை இப்படி ஒரு தாளோடு கவுன்சிலர் அறைக்கு வந்தால், பையைத் திறந்து பார்க்கச் சொல்லும் பொறுப்பு யாருடையது? பதவியின் பெயர் போதும் எனக்கு. மூன்று வாரம் கழித்து இரண்டு பத்திப் பதில் வந்தது. மாணவர் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை என்று தொடங்கி, கொள்கை பரிசீலனையில் உள்ளது என்று முடிந்தது. பதவியின் பெயர் இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை வாரியக் கூட்டம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடித்தால் மைக் போய்விடும். எழுதி வைத்து நேற்று சமையலறையில் நின்று படித்துப் பார்த்தேன், மகன்தான் நேரம் பார்த்தான். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. எதை வெட்டுவது என்று கேட்டேன். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "அவன் மாற்றி எழுதினதை மட்டும் எடுக்காதீங்கம்மா" என்றான்.