வரிசையில் ஒரு குடம்

போன வருடம் எங்கள் டெலிகிராம் குழுவில் ஆடும் கதையில் வந்த ஒரு சண்டையின் நடுவே ஒரு தம்பி ஆட்டத்தை விட்டே போய்விட்டான். அதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். நாங்கள் ஆடுவது முழுக்க எழுத்தில். நான்தான் ஜிஎம், அதாவது கதையை நடத்துபவன். கரை தட்டிய கப்பலுக்குள் நான்கு கடல் பேய்கள், எதிரே எங்கள் ஐந்து பேர். எல்லோரும் ஒரு முறை ஆடி முடித்தால் ஒரு ரவுண்டு; மொத்தம் ஆறு ரவுண்டு. விதிப்படி ஒரு ரவுண்டு கதைக்குள் 6 விநாடி. அந்த 36 விநாடியை ஆடி முடிக்க ஐந்து வாரம் ஆனது. "அண்ணா, என் டர்ன் வர்றதுக்குள்ள என்ன செய்ய நினைச்சேன்னே மறந்துடுது" என்று அந்தத் தம்பி நான்காவது வாரம் எழுதினான். அதோடு சரி.

அவனையும் குறை சொல்ல முடியாது, மற்றவர்களையும் சொல்ல முடியாது. ஒருவர் காசிமேட்டில் மீன் வியாபாரம். விடியுமுன்னே ஏலத்துக்குப் போய்விடுவார், நாங்கள் எழுதும் நேரத்தில் அவர் தூங்கியாக வேண்டும். இன்னொருவருக்கு எண்ணூர் பக்கம் ஷிஃப்ட் வேலை. பெரம்பூர் அக்கா பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் போனை எடுப்பார். இப்படிப்பட்டவர்களை இனிஷியேட்டிவ், அதாவது சண்டையில் யாருக்குப் பின் யார் என்ற வரிசையில் நிறுத்தி, முன்னால் இருப்பவர் எழுதும்வரை வாய் திறக்காதே என்றால் ஆட்டம் எப்படி நகரும்?

ஆளுக்கொரு இருபது முகப் பகடை, அதோடு டெக்ஸ்டெரிட்டிக்கு, அதாவது பாத்திரத்தின் சுறுசுறுப்புக்கு, உரிய எண்ணைக் கூட்டி வரிசை போடுவது மேசையில் அருமையான முறைதான். கேரம் மாதிரி. நாலு பேரும் ஒரே போர்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், ஸ்ட்ரைக்கர் கைமாற இரண்டு விநாடி. அந்த நாலு பேரும் நாலு தெருவில், நாலு வேளையில் இருந்தால் அதே வரிசை ஆட்டத்தைக் கொன்றுவிடும்.

விதியை மாற்றினால் ஆட்டமே கெட்டுவிடும் என்று சிலர் கோபப்படுகிறார்கள். 1981ல் வந்த பேசிக் பதிப்பிலேயே அணிக்கு ஒரு ஆறு முகப் பகடைதான் உருட்டினார்கள். ஜெயித்த அணி மொத்தமாக முதலில் இறங்கும். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது எங்கள் முறை இதுதான். பேய்களுக்கெல்லாம் சேர்த்து நான் ஒரே பகடை உருட்டுகிறேன். அதை மிஞ்சிய ஆட்டக்காரர்கள் மட்டும் முதலில் அடிக்கலாம். அப்புறம் பேய்கள். அதற்குப் பிறகு எங்கள் அணி முழுதும், யார் முதலில் வந்தாலும் எழுதலாம். திரும்பப் பேய்கள், திரும்ப நாங்கள். "என் திருடன் பாத்திரத்துக்கு டெக்ஸ்டெரிட்டி ஏற்றி என்ன பயன்?" என்று பெரம்பூர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பேய்கள் கை ஓங்குமுன் ஒரு முறை கூடுதலாக அடிக்கக் கிடைக்கிறதே, அதுதான் பயன்.

இதோடு ஒன்று சேர்த்தோம். அதுதான் எங்கள் ஆட்டத்தைக் காப்பாற்றியது. நான் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவன். தண்ணீர் லாரி வருமுன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அம்மா வேலைக்குப் போய்விடுவார். லாரி வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் குடத்தையும் நிரப்பிவிடுவார். ஆள் இல்லாவிட்டாலும் முறை போகாது. அதே மாதிரி ஒவ்வொருவரும் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைக்கிறார்கள்: 24 மணி நேரத்துக்குள் நான் வராவிட்டால் என் பாத்திரம் இதைச் செய்யட்டும் என்று. அதைக் குடம் என்றே சொல்கிறோம். நேரம் முடிந்ததும் குடத்தில் உள்ளதை நான் ஆடிவிடுவேன்.

ஷீல்டு மாதிரியான மந்திரங்களுக்குக் குடம் மிகவும் தேவை. அடி பட்டது என்று தெரிந்த அந்தக் கணத்திலேயே போட்டால்தான் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படாமல் காக்கும் எண், 5 கூடி அது தடுக்கும். அதற்காக ஆட்டத்தை நிறுத்தி ஒருவரைக் கேட்டு, பதிலுக்கு ஒரு நாள் காத்திருந்தால் பழைய கதைதான். "5 கூடினால் தப்பிப்பேன் என்றால் போடு, இல்லையென்றால் மந்திரத்தை வீணாக்காதே" என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுகிறேன்.

இரண்டு பேர் ஒரே பேயைக் கொல்ல எழுதிவிடுவதும் உண்டு. முதலில் எழுதியவரின் அடியில் பேய் செத்துவிட்டால், இரண்டாமவரின் வாளைப் பக்கத்துப் பேய் மேல் திருப்பிவிடுகிறேன். எழுதியதை அழிக்கச் சொல்வதே இல்லை. வேலை முடிந்து களைத்து வந்து ஒருவர் ஆசையாக எழுதிய பத்தியைச் செல்லாது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இப்போது ஒரு ரவுண்டு இரண்டு நாளில் முடிகிறது. அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். வியாழக்கிழமை குழுவுக்குத் திரும்பி வந்துவிட்டான். அடுத்த சண்டை ஞாயிறு இரவு, கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில். காசிமேட்டு அண்ணன் இப்போதே குடம் வைத்துவிட்டார்: "நான் வரலைன்னா தம்பிக்கு முன்னால போய் நின்னு கேடயத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன்."