லாகின் எஸ்டிகே தானாகச் செய்யக் கூடாத ஒரு வேலை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்று மணி நேரம் உட்கார்ந்து நாங்கள் தேடியது ஒரே ஒரு சாய்கோட்டை (/). கடவுச்சொல் போட்டால் சரியாகத்தான் உள்ளே போகிறது, அடுத்த நொடியே 401 (அனுமதி இல்லை என்கிற பிழை) வந்து மறுபடி லாகின் பக்கத்துக்கே தள்ளிவிடுகிறது, லாகில் 'டோக்கன் செல்லாது' என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் டோக்கனை, அதாவது உள்ளே வந்தவர் யார் என்று லாகின் சர்வர் கையெழுத்துப் போட்டுத் தரும் சீட்டை, பிரித்து எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். அதில் இருந்த இஷ்யூயர் முகவரி, அதாவது டோக்கனைக் கொடுத்த சர்வரின் முகவரி, சாய்கோட்டில் முடிகிறது. எங்கள் கான்ஃபிக்கில் அந்தச் சாய்கோடு இல்லை.

லாகின் வேலைக்கு நாங்கள் எடுத்து வைத்திருக்கும் எஸ்டிகேவுக்கு (ஆயத்தமாகக் கிடைக்கும் கோடுத் தொகுப்புக்கு) நாங்கள் கொடுத்தது அந்த ஒரு முகவரி மட்டும்தான். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஓபன்ஐடி கனெக்ட் என்ற லாகின் நெறிமுறை 2014-இல் வந்தபோதே இதற்கு வழி வைத்துவிட்டார்கள்: இஷ்யூயர் முகவரிக்குப் பின்னால் 'வெல்-நோன்' பாதையைச் சேர்த்துக் கேட்டால் ஒரு ஜேசன் கோப்பு வரும், லாகின் எங்கே, டோக்கன் எங்கே, கையெழுத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவிகள் எங்கே என்று எல்லாம் அதில் இருக்கும். 2018-இல் ஆர்எஃப்சி 8414 என்ற இணையத் தர ஆவணம் வந்து இதே ஏற்பாட்டை, அனுமதி தருவதற்கான ஓஆத் நெறிமுறைக்கும் கொண்டுவந்தது. அருமையான ஏற்பாடு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. முன்பெல்லாம் பொதுச் சாவியைக் கோப்பில் ஒட்டி வைத்திருப்போம், அந்தப் பக்கம் சாவியை மாற்றிய அன்றைக்கு இங்கே ஒருத்தரும் உள்ளே வர முடியாது. அதனால் 'எல்லாத்தையும் கையாலேயே எழுதலாம்' என்று சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

ஆனால் அந்தக் கோப்புக்குள்ளும் இஷ்யூயர் முகவரி இருக்கும், நாம் கொடுத்ததும் அதுவும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. எங்கள் எஸ்டிகே அதை ஒப்பிட்டே பார்க்கவில்லை. கோப்பு கிடைத்தது, சரி என்று சத்தமில்லாமல் கிளம்பிவிட்டது. சர்வர் ஏறும்போதே 'இரண்டும் பொருந்தவில்லை' என்று நின்றிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், பயனர் ஒருவர்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்.

இதைவிட எனக்குப் பயம் தந்தது வேறு. அன்று ராத்திரி இணையத்தில் தேடியபோது கண்ணில் பட்ட பதில்களில் பாதிக்கு மேல் 'இஷ்யூயர் சோதனையை ஆஃப் பண்ணுங்க, வேலை செய்யும்' என்பதுதான். செய்யும்தான்! அதைவிட மோசமாக, டோக்கனுக்குள் என்ன இஷ்யூயர் எழுதியிருக்கிறதோ அதையே எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சாவி வாங்குகிற நிரலையும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு சர்வர் வைத்து, சொந்தச் சாவியில் கையெழுத்துப் போட்டு, நம் பயனர் பெயரில் உள்ளே வரலாம். வந்தவன் நீட்டுகிற அடையாள அட்டையை, அதில் அவனே எழுதிக் கொடுத்த எண்ணுக்கு போன் போட்டுச் சரிபார்க்கிற மாதிரி.

முகவரிகளையும் சாவிகளையும் எஸ்டிகே தேடிக்கொள்ளட்டும். எந்த இஷ்யூயரை நம்புவது, டோக்கன் யாருக்காகக் கொடுக்கப்பட்டது, எந்தக் கையெழுத்து முறையை ஏற்பது, இந்த மூன்றையும் நாம்தான் எழுத வேண்டும், எழுதாவிட்டால் எஸ்டிகே கிளம்பவே கூடாது. அப்புறம், கையெழுத்தே இல்லாத 'நன்' (none) வகை டோக்கனைச் சில லைப்ரரிகள் ஏற்றுக்கொண்டது 2015-இல் வெளியே வந்ததை மறந்துவிட முடியாது, அங்கேயும் கையெழுத்து முறையை டோக்கனே சொல்லட்டும் என்று விட்டதுதான் காரணம்.

நாளைக்கு வேலைக்குப் போனதும் ஸ்டேஜிங்கில் (சோதனைக்கான சர்வரில்) இஷ்யூயர் முகவரியின் முடிவில் ஒரு சாய்கோட்டைக் கூட்டியோ குறைத்தோ போட்டு சர்வரை ஏற்றிப் பாருங்கள். எதுவும் சொல்லாமல் ஏறினால் அந்த எஸ்டிகேவின் பெயரைக் கமெண்டில் போட வேண்டாம், அதைச் செய்தவர்களிடம் நேராக எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன், பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.