வரிப்பணம் எங்கே போனது என்று சுவரே சொன்ன ஊர்

சமூக ஜனநாயகக் கட்சி ஆண்ட காலத்து வியன்னா நகரத்தை 'சிவப்பு வியன்னா' (1919–1934) என்பார்கள். அதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அதன் கட்டடங்களும் படங்களும் வெறும் கட்சிப் பிரசாரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தேர்தல் போஸ்டர்களுக்கு அது பொருந்தும், சரி. மற்றவற்றுக்கு?

அந்த மாநகராட்சி கட்டிய குடியிருப்புகளின் முகப்பைப் பாருங்கள். எந்த ஆண்டில், வீட்டுவசதி வரிப்பணத்தில், வியன்னா மாநகராட்சி கட்டியது என்று பெரிய சிவப்பு எழுத்தில் பதித்திருப்பார்கள். நகரத்தின் நிதிப் பொறுப்பாளர் ஹியூகோ பிரைட்னர் 1923இல் கொண்டுவந்த வரி அது. ஆடம்பர வீட்டுக்காரர்கள் மிக அதிக வரி கட்டினார்கள், தொழிலாளர் வீடுகளுக்குச் சொற்பம்தான். அந்தப் பணம் என்ன ஆனது என்று தெருவில் போகிறவர்கள் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்ததை நான் பிரசாரம் என்று தள்ளமாட்டேன். கணக்கு ஒப்படைப்பது அது.

அப்புறம், 1925இல் ஓட்டோ நியூராத் தொடங்கிய சமூகப் பொருளாதார அருங்காட்சியகம் கட்டுரையில் வரவே இல்லை! புள்ளிவிவரங்களை எல்லோருக்கும் புரியும் படங்களாக மாற்றிக் காட்டிய இடம் அது. எண்ணிக்கை கூடினால் மனித உருவத்தைப் பெரிதாக்காமல், அதே அளவு உருவங்களை வரிசையாகக் கூட்டுவது அவர்கள் வகுத்த விதி. பெரிய படம் கண்ணை ஏமாற்றும்; வரிசையை யாரும் எண்ணிப் பார்த்துவிடலாம். கெர்ட் ஆர்ன்ட்ஸ் உருவங்களை வரைந்தார். எந்தப் புள்ளிவிவரம் எப்படிப் படமாக வேண்டும் என்ற மூளை வேலையைப் பெரும்பாலும் செய்தவர் மரீ ரைடமைஸ்டர். அவர் பெயரையாவது கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.