ஐந்து பெரிதா, ஆறு பெரிதா?

ஐப்பசி பிறந்தால் போதும், தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை ஓடத் தொடங்கிவிடும்: ‘5ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்.’ மறுநாள் 6 என்றால் செய்தி வாசிப்பவரின் குரலே மாறிவிடுகிறது. ஏதோ காய்ச்சல் ஒரு பாகை ஏறிவிட்டதைப் போல. ஆண்டுதோறும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் இந்தக் கூண்டுகளை ஏற்றும் கம்பத்தின் அடியில் நின்றிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தால் ஒரு கயிறு, அதில் கூம்பும் உருளையுமாகக் கறுப்புக் கூண்டுகள். அவ்வளவே. கடலில் இருப்பவருக்கு எழுத்து எட்டாது, வடிவம் எட்டும். இருட்டிவிட்டால் சிவப்பு, வெள்ளை விளக்குகள் அதே சேதியைச் சொல்லும்.

இந்த ஏற்பாடு பிணக்குவியலின் மேல் பிறந்தது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் புயல் புரட்டிப் போட்டது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள், ஹூக்ளி ஆற்றில் நின்ற கப்பல்கள் சின்னாபின்னமாயின. மறு ஆண்டே அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டதோ 1875இல். தாயை விடப் பிள்ளை மூத்தது! எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே குறிமுறை என்று ஆனது 1898இல்.

எண்களுக்கு வருகிறேன். 1, 2 தொலைவில் இருக்கும் ஆபத்துக்கு. 3, 4 துறைமுகத்துக்கே. 5, 6, 7 மூன்றும் ஒரே தரத்து அபாயம். வேறுபடுவது புயலின் பாதை மட்டுமே. துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் புயல் கரையேறினால் 5, வலப்பக்கம் விட்டால் 6, துறைமுகத்தின் மேலேயோ ஒட்டியோ வந்தால் 7. நம் கிழக்குக் கரையில் இதற்குப் பொருள் உண்டு. கிழக்கிலிருந்து வரும் புயலுக்குத் துறைமுகம் இடப்பக்கம் என்றால், புயல் அதற்கு வடக்கே கடக்கிறது; காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வலப்பக்கம் என்றால் தெற்கே கடக்கிறது; கடலே ஊருக்குள் தள்ளப்படும். 5க்கும் 6க்கும் நடுவே இருப்பது இந்த வேறுபாடு. இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா? ‘புயல் துறைமுகத்தின் இடப்புறம்’ என்று தலைகீழாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்வது!

8, 9, 10 இதே கணக்குதான், தீவிரப் புயலுக்கு.

எனக்கு உண்மையிலேயே நடுக்கம் தருவது 11. அது 10ஐ விடப் பெரிய புயல் அல்ல. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று பொருள். இனி ஒருவரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அவர் கண்ணும் கடலும்தான்.